கயிறுகள் சாய்ந்த நேரம்

"தாணு சாரோட மிஸஸ்னு மேடத்த அறிமுகப்படுத்தலாம்னு நெனச்சேன். ஆனா இனிமே தாணு சாரத்தான் மேடத்தோட ஹஸ்பண்டுன்னு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும்" என்று முதல்வர் சொன்னதும் அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாணுமூர்த்தியும் சிரித்தான். சிரிக்கப் பிந்திவிட்டால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று முதல்வர் முடிப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தான். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவனிடம் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருமலாக மாற்றிக்கொண்டான். அவன் பல வருடமாக இயற்பியல் நடத்தும் கல்லூரி இது. இந்த அரங்கத்தில் எந்த மின்விசிறி கிறீச்சிடும், எந்த ஸ்பீக்கர் காதைப் பிளக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இதே மேடையில் அவனும் அறிவியல் தினத்துக்குப் பேசியிருக்கிறான், பின்வரிசைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் நழுவுவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே. இன்றைக்கு வாசலில் நின்றுகொண்டும் கேட்க வந்திருக்கிறார்கள். வேதியியல் துறை முழுக்க வந்திருக்கிறது. தமிழ்த்துறை வந்திருக்கிறது. தமிழ்த்துறைக்கு நியூட்ரினோ என்கிற துகளிடம் என்ன ஜோலி? பேனரில் அவன் மனைவி ஆவுடைநாயகியின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது, கீழே 'நாஞ்சில் மண்ணின் மகள்' என்று. அவனும் அதே மண்தான். பிறந்த ஆஸ்பத்திரிகூட ஒன்றுதான். மண்ணின் மருமகன் என்று யாரும் பேனர் அடிப்பதில்லை, இதை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது, இந்தச் சிரிப்பு மட்டும் உண்மையானது, ஆனால் அதற்குள் அரங்கம் அமைதியாகியிருந்தது, ஆவுடை மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, "எல்லாரும் அவங்கவங்க கட்டவெரல் நகத்தப் பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். தமிழ்த்துறைத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். தாணுமூர்த்தியும் பார்த்தான், பார்த்த பிறகுதான் ஏன் பார்த்தோம் என்று ஆத்திரமாக வந்தது. "நான் இதச் சொல்லி முடிக்கதுக்குள்ள அந்த நகம் வழியா கோடிக்கணக்கான நியூட்ரினோ போயாச்சு. உங்களுக்கு வலிச்சுதா? வலிக்காது. அதுக்குச் சுவரு ஒண்ணுமில்ல, மலை ஒண்ணுமில்ல, இந்தப் பூமியே ஒண்ணுமில்ல. நேரா போயிட்டே இருக்கும். லட்சம் கோடியில ஒண்ணு எப்பமாவது எதுலயாவது முட்டும். தண்ணிக்குள்ள முட்டிச்சுன்னா நீலமா ஒரு மினுக்கம் ஓடும். அந்த மினுக்கத்தப் பாக்கதுக்குத்தான் நாங்க கடலுக்கு அடியில, வெயிலே போகாத ஆழத்துல, கண்ணாடி உருண்டையளக் கயிறுல கோத்து நிறுத்தியிருக்கோம். அடியில நங்கூரம், மேல மிதவை, நடுவுல கயிறு. நாத்து நட்ட மாதிரி." நாற்று நட்ட மாதிரி. அது அவன் சொன்னதல்லவா? பிரான்ஸில் இருவரும் வேலை பார்த்த மார்செய்யில், அந்தச் சிறிய சமையலறையில், சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிகள் முகத்தில் படும் அந்தச் சமையலறையில், அவன்தான் ஒருநாள் சொன்னான், கடலுக்குள்ள நாத்து நட்டு வச்சிருக்கோம் ஆவுடை என்று. இல்லை, அவள் சொல்லி அவன் சிரித்தானா? அவள் முகத்தைத் திருப்பாமல் எதையோ வதக்கிக்கொண்டே சொன்ன மாதிரியும் இருக்கிறது, தான் அவள் முதுகைப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இருக்கிறது. இரண்டு ஞாபகத்திலும் எண்ணெய் வாசனை வருகிறது. எந்த ஞாபகம் நிஜம், எது பிறகு அவன் செய்துகொண்டது? ஒரு உவமைக்காக இப்படிச் சண்டை போடுகிறவன் எவ்வளவு சின்னவன் என்று ஒரு குரல் கேட்டது, கேட்டும் அவன் விடவில்லை, அந்தச் சமையலறையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தான், வார்த்தை முதலில் எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று.

காலையில் அவன் புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மடிக்கணினியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். "ஒரு மட்டம் பாத்துருங்க. எதும் தப்பு கெடந்தா சொல்லுங்க, நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துருகேன்." அவன் இடது கையால் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். பூமியின் படம், கப்பலின் படம், கடலடியில் கயிறுகள் நிற்கும் படம். பிறகு அந்தப் படம் வந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் வந்து முட்டிய ஒரே ஒரு நியூட்ரினோ, இதுவரை அந்தக் கருவி கண்டதிலேயே வலுவானது, அது கயிறுகளுக்கு நடுவே விட்டுச்சென்ற மினுக்கத்தின் பாதை. அது வானத்தில் எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்றுதான் ஆவுடையும் அவளோடு இருக்கும் இரண்டு பேரும் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வெகுதூரத்தில் ஒரு கேலக்ஸியைக் கண்டுபிடித்து, இதோ இங்கேயிருந்து என்கிறார்கள். இன்று சாயங்காலம் கட்டுரை ஆய்விதழுக்கு அனுப்பப்படுகிறது. தாணுமூர்த்தியின் கண் படத்தின் கீழ்மூலைக்குப் போனது. மினுக்கம் பதிவான நேரம் அங்கே உலகப் பொது நேரத்தில் இருந்தது. கயிறுகளின் சாய்வைக் கணக்கிட்ட நேரம் பிரான்ஸ் நாட்டு நேரத்தில் இருந்தது. ஏப்ரலில் அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கயிற்றின் பதிவுகளும் உலக நேரத்தில்தான் இருக்கும், அதில் பிரான்ஸ் நேரத்தைக் கொடுத்துச் சாய்வைத் தேடியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கிடந்தது, எவரும் எட்டிப் பார்க்காமல். கடலடியில் நீரோட்டம் உண்டு. கயிறுகள் பாசி மாதிரி சாயும், நிமிரும், மறுபக்கம் சாயும். இரண்டு மணி நேரம் கழித்துக் கயிறு நின்ற நிலையை வைத்து இரண்டு மணி நேரம் முன்னால் ஓடிய மினுக்கத்தை அளந்திருக்கிறார்கள். திசை அரை டிகிரி மாறும். அரை டிகிரி என்றால் வானத்தில் ஒரு முழுநிலவின் அகலம். அந்த அகலத்துக்குள் எத்தனையோ கேலக்ஸிகள் அடங்கும், அந்த ஒன்று அடங்காது. தண்ணீர் குடித்தான். அவள் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்து, "பாத்தியளா?" என்றாள். "நல்லாருக்கு" என்றான். "வேற ஒண்ணும் இல்லையே?" என்றாள். "படம்லாம் நல்லா தெளிவா இருக்கு" என்றான். பிறகு பப்படத்தைப் பயறில் நொறுக்கிப் பிசைந்தான், மும்முரமாக.

பொய் சொல்லவில்லை, படங்கள் தெளிவாகத்தான் இருந்தன, என்று இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்போது சொல்ல நேரமில்லை, வண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதுவும் பொய். வண்டியில் வரும்போது நேரமிருந்தது; அவள் வடசேரி சந்தைப் பக்கத்து நெரிசலைப் பார்த்து இது மட்டும் மாறவே இல்லையே என்று சந்தோஷப்பட்டாள், அவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தான் பார்த்தது சரிதானா என்று உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்றிருந்தோம். அதுவும் இல்லை. இந்த உலகத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கயிறுகளின் சாய்வுதான். மார்செய்யில் இருந்த வருடங்களில் அவன் செய்த வேலையே அது. கயிறுகளில் ஒலிவாங்கிகளைக் கட்டி, கடல் தரையிலிருந்து ஒலி அனுப்பி, எந்த உருண்டை எந்த நொடியில் எங்கே நின்றது என்று கணக்கிடும் கணினி நிரலை அவனும் இன்னும் சிலரும் வரிவரியாக எழுதினார்கள். பிறகு அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அதே வருடம் அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைத்தது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவுக்குச் சுகமில்லை, யாராவது ஒருத்தர் திரும்ப வேண்டியிருந்தது, நான் வந்துட்டேன் என்றான். அப்பாவுக்குச் சுகமில்லாமல் இருந்ததும் நிஜம்தான். அவள் அந்தக் கதையை ஒருநாளும் திருத்தியதில்லை. யாராவது கேட்டால், "ஆமா, அவங்க எனக்காகத்தான் விட்டுக்குடுத்தாங்க" என்று அவளே இன்னும் ஒரு படி கூட்டிச் சொல்வாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு அவள்மேல் வரும் உணர்ச்சிக்கு நன்றி என்று பெயர் வைக்கப் பார்த்திருக்கிறான். ஒட்டவில்லை. அவள் விடுமுறைக்கு வந்து இறங்கும்போது விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையசைப்பது தெரிந்ததும் நெஞ்சு துள்ளுகிறது, அது நிஜம். அவள் பக்கத்தில் வந்து நின்று, கப்பல் பற்றி, புதிதாக இறக்கிய கயிறு பற்றி முதல் வாக்கியம் பேசும்போது அதே நெஞ்சில் ஏதோ ஒன்று சுருண்டு படுக்கிறது, அதுவும் நிஜம்.

"இது எங்க கப்பல்" என்றாள் ஆவுடை. திரையில் அவள் ஆரஞ்சு நிற உடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாடிக்காரன் ஒருவன் அவள் தோளில் கை போட்டிருந்தான். பின்வரிசையில் யாரோ மெதுவாக 'ஓ' என்றார்கள், இன்னும் யாரோ அடக்கினார்கள், பக்கத்து இருக்கையில் இருந்த கணிதத்துறைக்காரர் தாணுமூர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்காகவாவது அந்தக் கையைப் பார்த்து எரிச்சல்பட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆண்களுக்கு வரும் சாதாரணப் பொறாமை, ஊர் ஒத்துக்கொள்ளும் பொறாமை, வீட்டில் போய்க் கத்தலாம், அவள் அழலாம், சமாதானமாகலாம். அவன் கண் அந்தக் கையில் நிற்கவே இல்லை. கையைத் தாண்டி, இருவருக்கும் பின்னால், கிரேனில் தொங்கிய பெரிய கூண்டுக்குப் போனது. உருண்டைகளையெல்லாம் நூல்கண்டு மாதிரி சுற்றி வைத்த கூண்டு. அதைக் கடலடியில் இறக்கி விட்டதும் அது உருண்டு உருண்டு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மேலே வரும், கடைசியில் காலியான கூண்டு மட்டும் மேலே மிதந்து வரும், அது நீரைப் பிளந்து வெளிவரும்போது கப்பலே கத்துமாம். அவன் ஒரே ஒருதடவை கப்பலில் போயிருக்கிறான். கரை மறைவதற்கு முன்பே குடலெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. கீழ் அறையில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தான், மேலே அவர்கள் கத்துவது கேட்டது, ஏதோ கூண்டு வந்துவிட்டது, அவன் பார்க்கவில்லை. அந்தத் தடவை ஆவுடையும் கப்பலில் இருந்தாள். ஓடி வந்து கதவைத் திறந்து, "வந்துட்டு, வந்துட்டு, ஏறி வாங்க" என்றாள், முகமெல்லாம் உப்புத்தண்ணீர். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் ஒரு நொடி தயங்கினாள், அவன் வாயைத் துடைத்துவிட்டாள், பிறகு ஓடிவிட்டாள். அந்த ஒரு நொடித் தயக்கத்தை அவன் இத்தனை வருடமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறான். அவள் போயிருக்க வேண்டாமா? போகத்தான் வேண்டும். அவனாக இருந்தால் அந்த ஒரு நொடியும் நின்றிருக்க மாட்டான்.

பெயர் விஷயம் வேறு. கல்யாணமான புதிதில் பாஸ்போர்ட்டில் அவளுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டியிருந்தது, புருஷன் பெயரைப் போட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அங்கே அவளை டாக்டர் தாணுமூர்த்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டுரைகளில் தாணுமூர்த்தியும் பிறரும் என்று அச்சாகிறது. தாணுமூர்த்தியின் முறை, தாணுமூர்த்தியின் வரைபடம். போன வருடம் அவனுடைய மாணவி ஒருத்தி ஓடி வந்து, சார், உங்க பேரு ஜெர்மன்காரங்க எழுதின புஸ்தகத்துல வந்திருக்கு என்றாள், கண்ணெல்லாம் பளபளக்க. அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான், அது அவள் என்று தெரிந்தது, தெரிந்தும் அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லவில்லை, 'ம்' என்றான். அந்த 'ம்'மில் ஒரு அரைநாள் வாழ்ந்தான். தான் இந்தப் பெயரோடு உலகத்தில் உலாவிக்கொண்டிருப்பதாகவும், அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த உடம்பு, இந்த வழுக்கை, இந்தச் செருப்பு இருப்பதாகவும் நினைத்துக்கொண்டு அரைநாள். இன்று சாயங்காலம் அந்தக் கட்டுரை போனால், நாளையோ அடுத்த மாதமோ எவனாவது ஒரு இத்தாலிக்காரன் இரண்டு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பான். தாணுமூர்த்தியின் பிழை என்பார்கள். பெயர் அப்போதாவது அவனுக்குத் திரும்பி வருமா? தான் அவள் விழுவதைப் பார்க்கக் காத்திருக்கிறோம் என்பது, அதுவரை மூடிபோட்டு வைத்திருந்தது, திறந்துகொண்டது. அவள் விழ வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒருமுறை அவளும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும், மேலே யாரோ கத்த வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றால் அது என்ன சின்ன விஷயமா?

அந்தப் படம் திரையில் வந்தது. கயிறுகள் லேசாகச் சாய்ந்து நின்றன, நடுவே மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் ஒரு கோடாக ஓடின. "இதுதான் அந்த ஏப்ரல் நியூட்ரினோ" என்றாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்த படம், கறுப்பு வானம், நடுவில் சின்னதாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் மங்கலாக அந்த கேலக்ஸி. "நாங்க நெனைக்கோம், இங்கேருந்துதான் கெளம்பிச்சுன்னு. இது கெளம்பினப்பம் பூமியில மனுசனே கெடையாது." கைதட்டினார்கள். தாணுமூர்த்தியின் கையும் தட்டியது. அவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை பேரில் எவராவது அந்தக் கீழ்மூலையைப் பார்த்திருப்பார்களா? ஓய்வுபெற்ற துறைத்தலைவர் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார். எவரும் இல்லை. இந்த ஊரில், ஏன், இந்த நிமிடத்தில் இந்த உலகத்தில், இது தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஒரு கணம் அதில் இனிப்பு இருந்தது. பிறகு அந்த இனிப்பு திரும்பி அவனையே பார்த்தது. காலையில் சொல்லியிருந்தால் அது ஒரு புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்னதாக இருந்திருக்கும். இப்போது எழுந்து சொன்னால் நாலுபேர் நடுவில் அவளை மட்டம் தட்டியதாக ஆகும். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் எப்போது தெரியும் என்று கேட்பாள். சொல்லவே இல்லையென்றால், இல்லையென்றால் ஒன்றும் ஆகாது, அவள் விழுவாள், அவன் தாங்கிப் பிடிப்பான், பரவாயில்ல ஆவுடை, எல்லாருக்கும் நடக்கதுதான் என்பான், அவள் தலை அவன் தோளில் இருக்கும், அந்தத் தோளின் உயரத்தை அவனால் இப்போதே உணர முடிந்தது. அந்த உணர்ச்சி அவ்வளவு சுகமாக இருந்ததால்தான் அவனுக்குப் பயம் பிடித்தது.

கேள்விகள் தொடங்கின. கடலில் மீன் வந்து கயிற்றைக் கடிக்காதா என்று ஒரு மாணவி கேட்டாள். கடிக்காது, ஆனா சில உயிருங்க தானாவே வெளிச்சம் விடும், அதுங்கதான் எங்களுக்குத் தொந்தரவு என்றாள் ஆவுடை. இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று தமிழ்த்துறைத் தலைவர் கேட்டார், "எனக்குத் தெரியாது சார். ஆனா தெரிஞ்சிக்கிடாம இருக்க முடியல்ல" என்றாள், அதற்கும் கைதட்டல். முதல்வர் எழுந்தார். "தாணு சாரும் ஒரு கேள்வி கேக்கட்டும். வீட்ல கேக்க முடியாத கேள்வியா இருந்தாலும் இங்க தைரியமா கேக்கலாம்." சிரிப்பு. மைக் ஒவ்வொரு கையாக மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. அது இவ்வளவு கனக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தான். ஆவுடை மேடையிலிருந்து அவனைப் பார்த்தாள், புருவத்தை உயர்த்தி, லேசான வெட்கத்தோடு, அவன் என்ன கேட்பான் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். "அந்தக் கயிறு சாஞ்ச படத்த ஒருக்கப் போடேன்" என்றது அவன் குரல், ஸ்பீக்கரில் யாருடையதோ போல. போட்டாள். "கீழ ரெண்டு நேரம் போட்டிருக்குல்லா. ரெண்டும் ஒரே நேரமா?"

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. அரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கிறீச்சிடும் மின்விசிறி மட்டும் சுற்றியது. அவன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். இதோ, இப்போது தோள் தளரும். இப்போது கை மேசையைப் பிடிக்கும். அவள் திரும்பும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து தான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் அது அவன் பார்த்து வைத்திருந்த முகம் இல்லை. கண்கள் அகன்று, உதடு கொஞ்சம் பிரிந்து, கப்பலில் கதவைத் திறந்து 'வந்துட்டு' என்று சொன்ன முகம். "இல்ல" என்றாள் மைக்கில். "ரெண்டும் ஒரே நேரம் இல்ல. ஒண்ணு உலக நேரம், ஒண்ணு பிரான்ஸ் நேரம். அய்யோ." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "பிள்ளையளா, கேட்டுக்கிடுங்க. இவ்வளவு நேரமா நான் ஒங்களுக்குச் சொன்ன கதையில கடைசித் துண்டு தப்பு. ரெண்டு மணி நேரம் கழிச்சு கயிறு எங்க நின்னுதோ அத வச்சு நான் கணக்குப் போட்டுட்டேன். திசை மாறும். இந்த கேலக்ஸிக்கும் அந்த நியூட்ரினோவுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். இதக் கட்டுரையா இன்னைக்குச் சாயங்காலம் அனுப்ப இருந்தோம். இப்பம் அனுப்ப மாட்டோம்." முன்வரிசையில் அவனைக் கைகாட்டினாள். "இந்தக் கயிறு எப்படிச் சாயும்னு கணக்குப் போடச் சொல்லிக்குடுத்த ஆளுகள்ல ஒருத்தர் அவங்கதான். அதான் கண்ணுல பட்டிருக்கு."

கைதட்டல் எழுந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. முதல்வர் திரும்பி நின்று அவனைப் பார்த்துத் தட்டினார், கணிதத்துறைக்காரர் முதுகில் அடித்தார், அவனுடைய மாணவர்கள் பின்னால் விசில் அடித்தார்கள். இத்தனை வருடமாக இந்த அரங்கத்தில் அவன் ஏங்கிய சத்தம். அது அவனுடைய உடம்பில் வந்து முட்டவே இல்லை. இதுவும் அவளுக்குத்தான் என்று தோன்றியது. தப்பு என்று தன் வாயால் சொன்னவள் அவள். அதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொன்னவள் அவள். அவனால் முடியுமா? வகுப்பில் பலகையில் ஒரு கூட்டல் குறி தவறினால்கூடத் துடைப்பானை எடுக்கும் சாக்கில் மறைத்துவிட்டுத் திருத்துகிறவன் அவன். கப்பலை, வேலையை, பேனரைக்கூட அவளிடம் விட்டுவிடலாம். அந்த 'அய்யோ'வை அவள் எங்கிருந்து எடுத்தாள்? அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது, அது மட்டும், அதன்மேல் வந்த பொறாமை மற்ற எல்லாவற்றையும் விட அடர்த்தியாக, கிட்டத்தட்டப் பசி மாதிரி இருந்தது.

நன்றியுரை முடிந்தது. அவள் மேடையிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். யாரையோ பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே, உதடு அசையாத குரலில், "நீங்க எப்பம் பாத்திய?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தபோது நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. எல்லோரும் விறைத்து நின்றார்கள். அவர்களும் நின்றார்கள், தோளோடு தோள், நேராகப் பார்த்துக்கொண்டு. 'இப்பம்தான், நீ படத்தப் போட்டப்பம்' என்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அதை எவரும் பிரித்துப் பார்க்க முடியாது. அவள் நம்புவாள். நம்புவாளா? நம்பின மாதிரி இருப்பாள், ஊரில் கேட்டவர்களிடம் அப்பாவுக்குச் சுகமில்லை என்ற கதைக்கு ஒரு படி கூட்டிச் சொல்கிற மாதிரி, இதற்கும் ஒரு படி கூட்டி, அவங்க ஒரு பார்வையில கண்டுபிடிச்சிட்டாங்க என்று ஊர் ஊராகச் சொல்வாள். அவன் அந்தக் கதைக்குள்ளும் குடியிருக்க வேண்டியதுதான். பாட்டு ஏறிக்கொண்டே போனது. அவள் கை அவன் புறங்கையில் லேசாக உரசியது, வேண்டுமென்றா, தற்செயலா, அதைக்கூடக் கணக்கிட வேண்டியிருந்தது. ஒருவேளை, முன்பே தெரிந்தும் மறைத்தீர்களா என்பதைத்தான் அவள் கேட்கிறாளா? அல்லது சும்மா, வேலை செய்கிற ஒருத்தி இன்னொருத்தனிடம் கேட்கிற கேள்வியா? பாட்டு முடிந்தது. நாற்காலிகள் இழுபட்டன.

"காலையில" என்றான். "நீ குளிச்சிட்டு இருந்தப்பம்."

அவள் அவனைப் பார்த்தாள். முதல்வர் கைகூப்பி, மேடம் டீ என்று வந்து நின்றார், "இன்னா வாறேன் சார்" என்றாள், குரல் மாறாமல். பிறகு அவனிடம், "இவ்வளவு நேரமும் மனசுல வச்சுகிட்டா இருந்திய?" என்றாள். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த பிள்ளையிடம் கேட்கிற மாதிரியும் இருந்தது, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்கிற மாதிரியும் இருந்தது. அவன் இரண்டில் எது என்று தேடுவதற்குள் அவள் முகத்தைத் திருப்பிவிட்டாள். "லேப்டாப்பு மேசையில தொறந்துதான் கெடக்கு. நேரத்த மாத்திப் போட்டு ஒரு மட்டம் ஓட்டிப் பாருங்க. எனக்கு இப்பம் அதத் தொடத் தைரியமில்ல." அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். சேலைத் தலைப்பை விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவள் முதல்வரின் பின்னால் நடந்தாள், மாணவிகள் சூழ்ந்துகொண்டார்கள், கூட்டம் அவளை வாசல் பக்கமாகக் கொண்டுபோனது.

அரங்கம் வேகமாகக் காலியானது. அவன் மேடையேறி அவள் உட்காரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். கணக்கு அவனுக்கு மறந்திருக்கவில்லை. யார் யாரோ மாற்றி எழுதியிருந்தாலும் அடியில் கிடந்த எலும்பு அவனும் சேர்ந்து போட்டதுதான், நிரலில் ஒரு இடத்தில் ஒரு அளவுக்கு அவன் அந்தக் காலத்தில் வைத்த பெயர்கூட அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரத்தைக் கழித்தான். ஓட்டினான். கயிறுகள் திரையில் மெதுவாக நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தன. புள்ளிகளின் கோடு கொஞ்சம் திரும்பியது. கறுப்பு வானத்தில் அந்த வட்டம் கேலக்ஸியை விட்டு நகர்ந்து நகர்ந்து போய், ஓரிடத்தில் நின்றது. அவன் பெரிதாக்கினான். ஒன்றும் இல்லை. இன்னும் பெரிதாக்கினான். அந்த இடத்தில் எந்தப் பட்டியலிலும் எந்தப் பெயரும் இல்லை, வெறும் இருட்டு. அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவன் முன்னால் சாய்ந்து அந்த இருட்டையே பார்த்தான். இந்த இடத்தைப் பார்த்த முதல் ஆள் அவன்தான். மூடிவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அது அவனுடையதாக மட்டும் இருக்கும்; டீ முடிகிற வரைக்கும், வண்டியில் போகிற வரைக்கும். விரல் திரையின் விளிம்புக்குப் போனது. வாசலில் ஆவுடை யாரோ நீட்டிய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மாணவி சொல்வதைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவா, முதலில் பார்த்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவா, அவனுக்கே பிடிபடவில்லை. எழுந்து நின்று, மைக் இல்லாமல், வராந்தாவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "ஆவுடை, வந்துட்டு, ஏறி வா!" என்று கத்தினான்.